அறுவடை நேரத்தில் யாருக்காக இந்தப் பூட்டு?

நூறு நாள் வேலைச் சட்டத்தை எடுத்துவிட்டு 2025 டிசம்பரில் கொண்டுவந்த ‘விக்சித் பாரத் – ஜி ராம் ஜி’ சட்டத்தைப் பற்றி நடந்த சண்டையெல்லாம், காந்தி பெயர் போனதையும் மாநிலத்தின் தலையில் 40 விழுக்காடு செலவு விழுந்ததையும் சுற்றியே நடந்தது. இரண்டும் பேச வேண்டியவைதான். ஆனால் காவிரிப் படுகையில் மம்பட்டி பிடிக்கும் பெண்ணுக்கு அதைவிடப் பெரிய அடி அதே சட்டத்துக்குள் இருக்கிறது. விதைப்பும் அறுவடையும் மும்முரமாக நடக்கும் காலத்தில் ஆண்டுக்கு மொத்தம் 60 நாள் இந்த வேலையை நிறுத்திவைக்க வேண்டும். எந்த 60 நாள் என்று மாநில அரசு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும்.

நாள் கணக்கு 100-லிருந்து 125 ஆகிவிட்டதே என்கிறார்கள். சட்டத்தில் 100 என்று இருந்தபோதே நாட்டின் சராசரி, குடும்பத்துக்கு ஐம்பது நாளைத் தாண்டத் திணறியது. கொடுக்காத நாளைக் கூட்டி எழுதுவதில் யாருக்கும் செலவில்லை.

‘நூறு நாள் வேலையால் வயலுக்கு ஆள் வரவில்லை’ என்பது இருபது ஆண்டாக மிராசுதார்கள் பாடும் பாட்டு. டெல்லி அதையே சட்டமாக்கிவிட்டது. தை பிறந்ததும் மன்னார்குடிப் பக்கம் போய்ப் பார்க்கட்டும். லாரியில் வந்து இறங்கும் பெல்ட் மிஷின் ஈர வயலுக்குள் போய், அறுப்பு, போரடிப்பு, தூற்றல் மூன்றையும் முடித்து, நெல்லை டிராக்டரில் கொட்டிவிட்டு அடுத்த வயலுக்குப் போகிறது. பயிர் சாய்ந்து தண்ணீரில் கிடக்கும் மூலைக்கும், மாட்டுக்கு நல்ல வைக்கோல் வேண்டும் என்பவரின் வயலுக்கும்தான் இன்று அரிவாள் தேவைப்படுகிறது. அந்தப் பருவத்தில் ஊராட்சி வேலையையும் நிறுத்தினால் கூலிப் பெண் எங்கே போவாள்? தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையில் 85 விழுக்காட்டுக்கு மேல் பெண்கள் என்பதை மறந்துவிட வேண்டாம்.

நடவும் களையும் வேறு கதை. நடவு மிஷின், நேரடி விதைப்பு, மேற்கு வங்கத்திலிருந்து வரும் நடவுக் குழுக்கள் எல்லாம் வந்த பிறகும் சந்து நடவுக்கும் களைக்கும் உள்ளூர்ப் பெண்ணின் கை வேண்டும். ஆண்டு முழுவதிலும் அவள் கூலியைக் கூட்டிக் கேட்கக்கூடிய சில வாரங்கள் அவைதாம். ‘இந்தக் கூலிக்கு வரமாட்டேன், ஏரி வேலைக்குப் போகிறேன்’ என்று சொல்ல அவளுக்கு ஒரு மாற்று இருந்தது. சரியாக அந்த வாரங்களில் அந்த மாற்றைப் பிடுங்குவதுதான் இந்த 60 நாள். இதற்கு விவசாய நலன் என்று பெயர் வைப்பது அநியாயம். இது கூலியைக் கீழே அழுத்தும் சட்டம்.

இந்த மண்ணில் பருவக் கூலிக்கு ஒரு வரலாறு உண்டு. அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதும், வெளியூர் ஆட்களை இறக்கியதை எதிர்த்ததும்தான் கீழ்வெண்மணித் தகராறின் வேர். 1968 டிசம்பர் 25 இரவில் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அதற்குப் பிறகுதான் அரசு கணபதியா பிள்ளை ஆணையத்தை அமைத்தது. 1969-இல் கிழக்குத் தஞ்சைக்கு நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அறுவடைக் காலத்தில் அரசு கூலிக்காரர் பக்கம் நிற்க வேண்டும் என்பதை 44 உயிர் கொடுத்து இந்தப் படுகை வாங்கியது. இப்போது அதே பருவத்தில் அரசு, கூலி கொடுப்பவர் பக்கம் போய் நிற்கிறது.

கூலிக்காரியைக் காக்க இந்த மண் கண்ட இன்னொரு வழி நிலம். அதைக் காட்டியவர்கள், கீழ்வெண்மணிச் செய்தி கேட்டு வந்து இங்கேயே தங்கிவிட்ட சர்வோதயத் தம்பதி கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும். இன்று சமூகப்பணி என்ற பெயரில் ஊருக்குள் வருகிறவர்கள் தையல் பயிற்சி தருகிறார்கள், ஊறுகாய் போடச் சொல்லித் தருகிறார்கள், குழுக்கடன் வாங்கித் தந்துவிட்டுப் போகிறார்கள். வாரத் தவணைதான் ஊரில் மிஞ்சுகிறது. அந்த இருவரும் நிலத்தைப் பேசினார்கள். அவர்கள் 1981-இல் தொடங்கிய ‘லாஃப்டி’ அமைப்பு, விற்க மனமுள்ள நிலக்காரரிடம் உட்கார்ந்து விலை பேசி, கடனுக்கு வழி செய்து, குடும்பத்துக்கு ஏறக்குறைய ஒரு ஏக்கர் என்று பெண்கள் பெயரில் பதிந்து கொடுத்தது. சுமார் 13,000 ஏக்கர் இப்படிக் கை மாறியது. துப்பாக்கியும் இல்லை, பறிமுதலும் இல்லை. டெல்டாவில் ஏழையைப் பொருளாதாரத்துக்குள் கொண்டுவந்த வழி இது ஒன்றுதான். மற்றதெல்லாம் ஆண்டறிக்கைக்கு ஆகும்.

தமிழ்நாடு அரசுக்கு இது தெரியாததல்ல. அதன் தாட்கோ கழகத்தின் ‘நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டம்’ அதே எண்ணம்தான்: நிலமில்லாத ஆதிதிராவிடர், பழங்குடியினப் பெண் விவசாயத் தொழிலாளி நிலம் வாங்கினால் விலையில் பாதி, அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய், மானியம். ஆனால் விற்பவரைத் தேடிப் பிடிப்பது அவள் பொறுப்பு. நேற்றுவரை யார் வயலில் களை எடுத்தாளோ அவர் திண்ணைக்குப் போய் அவள் எப்படி விலை பேசுவாள்? வங்கி மேலாளர் முன்னால் மீதிப் பாதிக்கு யார் உட்கார்ந்து வாதாடுவார்கள்? லாஃப்டி செய்தது அந்த நடுவேலையைத்தான்.

60 நாள் அறிவிக்கையில் கையெழுத்துப் போடப்போவது சென்னைதான். ஆகவே தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களுக்கு அந்தத் தேதிகளைக் கூலிப் பெண்கள் உட்கார்ந்த கிராம சபையில் கேட்டுவிட்டுக் குறிக்கட்டும். சமூகப்பணித் துறை வைத்திருக்கும் கல்லூரிகள் களப்பணி மாணவர்களை ஊறுகாய்ப் பயிற்சிக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு ஊராட்சியிலும் விற்பனைக்கு வரும் நஞ்சையின் பட்டியலோடு பதிவு அலுவலகத்துக்கும் வங்கிக்கும் அந்தப் பெண்களோடு போகச் சொல்லட்டும். வரும் நிதிநிலை அறிக்கையில் நன்னிலத்துக்குப் பத்து மடங்கு பணம் ஒதுக்கி, முதல் தவணையைக் கீழ்வெண்மணி இருக்கும் கீழ்வேளூர் வட்டத்தில் கொடுக்கட்டும்.