கோவிலைப் பிரித்த சுவர்

ஆண்டவனைத் தொழும் இடத்தில் வெடிமருந்தைச் சேமித்து வைத்தால் என்ன நடக்கும்?

எது நடக்குமோ, அது நடந்தது. 1718-ம் ஆண்டு மே மாதம் 7-ந் தேதி, ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில், கிரேபிரையர்ஸ் தேவாலயத்தின் கோபுரம் வெடித்துச் சிதறியது. மேற்குப் பக்கம் முழுவதும் பாழாயிற்று.

மருந்தை அங்கே வைத்தவர்கள் எதிரிகள் அல்ல. திருடர்களும் அல்ல. ஊரையும் கோவிலையும் காக்க வேண்டிய நகரசபையாரே வைத்தார்கள்! கல் கோபுரம், கெட்டியான சுவர், பத்திரமான இடம் என்று நினைத்தார்கள் போலும். பக்கத்தில் ஜனங்கள் கூடித் தொழுகிறார்களே என்ற நினைப்பு ஏனோ அவர்களுக்கு வரவில்லை.

அது சாதாரணக் கோவில் அல்ல. முன்பு அந்த இடத்தில் சாம்பல் நிற அங்கி அணிந்த துறவிகளின் மடம் இருந்தது. "கிரேபிரையர்ஸ்" என்றால் "சாம்பல் அங்கித் துறவிகள்" என்று பொருள். 1560-ல் ஸ்காட்லாந்து ரோமாபுரியின் சபையை விட்டுப் பிரிந்தது. 1562-ல் மேரி ராணி, மடத்து நிலத்தை இடுகாட்டுக்காக நகரத்துக்கு அளித்தார். அங்கே 1602-ல் தொடங்கி 1620-ல் தேவாலயத்தைக் கட்டி முடித்தார்கள்.

1638-ல் அங்கே ஒரு பெரிய காரியம் நடந்தது. மன்னர் முதலாம் சார்லஸ் தம் இஷ்டப்படி ஒரு ஜெப நூலை ஸ்காட்லாந்து மக்கள்மீது திணித்தார். "எங்கள் வழிபாட்டில் அரசர் தலையிடக்கூடாது" என்று மக்கள் கொதித்தார்கள். பிப்ரவரி 28-ந் தேதி இந்தக் கோவிலில் கூடி, உடன்படிக்கை ஒன்றில் கையெழுத்திட்டார்கள். பிஷப்புகள் இல்லாமல், சபையின் மூப்பர்கள் கூடி நிர்வாகம் செய்வதே பிரெஸ்பிட்டேரியன் முறை. அந்த முறை ஸ்காட்லாந்தில் வேரூன்ற இந்தக் கையெழுத்துகள் வழி செய்தன.

பிறகு 1650-ல் கிராம்வெல்லின் படை எடின்பரோவுக்குள் புகுந்தது. சிப்பாய்கள் கோவிலிலேயே தங்கினார்கள். உள்ளே இருந்த சாமான்களை நாசம் செய்தார்கள். அந்நியப் படை செய்த சேதம் அது. 1718-ல் நடந்தது சொந்த ஊரார் செய்த சேதம்.

நடுவில் எழுந்த சுவர்

வெடிப்புக்குப் பின் என்ன செய்வது? கிழக்குப் பக்கம் தப்பி நின்றது. இடிந்த பக்கத்தை அடைத்து நகரசபையார் ஒரு சுவர் எழுப்பினார்கள். வழிபாடு நின்றுபோகக் கூடாதே! அதுவரை சரிதான்.

ஆனால் அவர்கள் அதோடு நிற்கவில்லை. சுவரின் மறுபக்கத்தில் இன்னொரு கோவிலைக் கட்டினார்கள். 1722-ல் அது தயாராயிற்று. கிழக்கே "பழைய கிரேபிரையர்ஸ்". மேற்கே "புதிய கிரேபிரையர்ஸ்". ஒரே கட்டடம், இரண்டு சபைகள்! அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்து, தாத்தா கட்டிய வீட்டின் கூடத்தில் சுவர் வைப்பார்கள் அல்லவா? அப்படித்தான் இருந்தது. வெடிமருந்து கோபுரத்தைத்தான் உடைத்தது. கோவிலை இரண்டாக்கியது இந்தப் பழுதுபார்ப்பு வேலை!

1845 ஜனவரி 19, ஞாயிற்றுக்கிழமை. பழைய கிரேபிரையர்ஸில் தீப்பிடித்தது. உட்புறம் எரிந்து போயிற்று. அதைச் சீர்படுத்தி மறுபடி திறக்க 1857 ஆகிவிட்டது. பன்னிரண்டு வருஷம்! அப்போது, உள்ளே இருந்த கல்தூண் வரிசைகளையும் எடுத்துவிட்டார்கள். தூண் இல்லாத ஒரே கூரை போட்டார்கள்.

புதுப்பித்தபோது ஜன்னல்களில் வர்ணக் கண்ணாடிகள் பதித்தார்கள். இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். அந்தச் சபையார் ஆடம்பரத்தை அறவே வெறுத்தவர்கள். கோவிலில் சித்திரம் கூடாது, இசைக்கருவி கூடாது. உட்கார்ந்து பாட வேண்டும். நின்று ஜெபிக்க வேண்டும். ராபர்ட் லீ என்ற பாதிரியார் இதை மாற்றினார். "நின்று பாடுங்கள், மண்டியிட்டு ஜெபியுங்கள்" என்றார். 1865-ல் ஆர்கன் வாத்தியத்தையும் கொண்டுவந்தார். சபைத் தலைவர்கள் அவர்மீது விசாரணை நடத்தினார்கள். வழக்கு முடியும் முன்பே அவர் நோயில் விழுந்தார். 1868-ல் காலமானார். அவர் எதற்காக வாதாடினாரோ, அதெல்லாம் பின்னர் ஸ்காட்லாந்துக் கோவில்களில் சர்வ சாதாரணமாகிவிட்டது.

சுவர் இடிந்தது

சுவர் மட்டும் அசையவில்லை. இருநூறு ஆண்டுகள் கடந்தும் நின்றது.

1929-ல்தான் இரண்டு சபைகளும் ஒன்று சேர்ந்தன. சபைகள் சேர்ந்தபின் சுவர் எதற்கு? ஹென்றி கெர் என்ற கட்டடக் கலைஞரின் பொறுப்பில் வேலை நடந்தது. சுவரைத் தகர்த்தார்கள். நெருப்புக்குப் பின் எடுத்துவிட்ட தூண் வரிசைகளையும் பழையபடி எழுப்பினார்கள். இடிப்பது சுலபம்; இழந்ததைத் திரும்ப அமைக்கப் பொறுமையும் பணமும் வேண்டும். அவர்கள் இரண்டையும் செலவிட்டது பாராட்டத்தக்கது.

இன்று அங்கே வருகிற உல்லாசப் பயணிகளில் பலர் ஒரு நாயைத் தேடித்தான் வருகிறார்கள். இறந்த எஜமானின் சமாதி அருகிலேயே காவல் கிடந்ததாகச் சொல்லப்படும் "பாபி" என்ற அந்த நாய்க்குத் தெருமுனையில் சிலை இருக்கிறது. சிலையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களும் உண்டு.

கோவிலுக்குள் நுழைகிறவர்கள் 1938-ல் முடிந்த வேலையைக் காண்கிறார்கள். இரு பக்கமும் தூண்கள் வரிசையாக நிற்கின்றன. கிழக்குக் கோடியில் நின்றால் மேற்குக் கோடி தெரிகிறது.