ரெட்டை ஜடையும் 91 மணி 40 நிமிஷமும்

காஸ்ட் அக்கவுண்டிங் பரீட்சைக்குப் படிக்க வேண்டிய நேரத்துல இதை எழுதிட்டிருக்கேன். ஆனா இதுவும் ஒரு வகையில காஸ்ட் அக்கவுண்டிங்தான். படிச்சா புரியும்.

போன ஞாயித்துக்கிழமை ஹாஸ்டல்ல ஒரு பரிசோதனை. எனக்கு முடி இடுப்புக்குக் கீழ. யார் உதவியும் இல்லாம நானே பிரெஞ்ச் பிளாட் போட்டுப் பார்க்கணும்னு ரொம்ப நாள் ஆசை. உச்சியில ஒரு கொத்து எடுத்து மூணு காலாப் பிரிக்கணும். ஒவ்வொரு தடவையும் பக்கத்துல இருக்கிற முடியைக் கொஞ்சம் கொஞ்சமா சேர்த்துக்கிட்டே கீழ வரணும். கேக்க சுலபம்தான். முதல் தடவை பிடரிக்கு வந்ததும் எந்தக் கால் எதுன்னு மறந்து போச்சு. ரெண்டாவது தடவை கை மரத்துப் போச்சு. மூணாவது தடவை, கண்ணாடியைத் தூக்கிப் போட்டுட்டுக் கண்ணை மூடிக்கிட்டுப் பின்னினேன். வந்துடுச்சு! கண்ணால பார்க்கிறதை விட விரலை நம்புறதுதான் ரகசியம். பழகினப்புறம் மணி பார்த்தேன், 5 நிமிஷம்.

அடுத்து ஒரு வேலை செஞ்சேன். அதான் இந்தப் பதிவுக்கே காரணம். ஸ்கூல்ல போட்ட மாதிரி ரெட்டை ஜடை, மடிச்சு ரிப்பன் வச்சுக் கட்டினது, அதையும் நானே போட்டேன். மணி பார்த்தேன். 25 நிமிஷம்!

ஏன் இவ்வளவு? பின் மண்டையில நேர் வகிடு எடுக்கணும், அது நம்ம கண்ணுக்கே தெரியாது. ரெண்டு பக்கமும் முடி சமமா இருக்கணும். ரெண்டு ஜடையும் ஒரே உயரத்துல மடியணும். மடிச்ச ஜடையை ஒரு கை பிடிச்சுக்கணும், ரிப்பனை முடிச்சுப் போட ரெண்டு கை வேணும். மொத்தம் மூணு கை. கடவுள் குடுத்தது ரெண்டுதான். அதாவது, ரெட்டை ஜடைங்கிறது தனக்குத்தானே போட்டுக்கிற ஜடையே இல்ல. இன்னொருத்தர் போட்டுவிடுறது.

இங்கதான் கொசுவத்தி சுத்துறேன். எங்க வீடு குன்னூர் பக்கம் ஒரு எஸ்டேட் லைன்ல. 1964 சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்துல இலங்கையில இருந்து வந்த குடும்பம். அம்மா கொழுந்து எடுக்கிறாங்க. காலையில பெரட்டுக்குப் போகணும்னா அதுக்கு முன்னாடி தண்ணி பிடிச்சு, அடுப்பு பத்த வச்சு, எல்லாருக்கும் சோறு கட்டியாகணும். எனக்கு அம்மாயி இருந்துச்சு. தினமும் வாசப்படியில உக்கார வச்சு, தேங்காண்ணெ தடவி, தலை வலிக்க வலிக்க இழுத்துப் பின்னிவிடும். ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் என் ஜடையைப் பத்தி ஒரு டீச்சரும் ஒரு வார்த்தை சொன்னதில்ல.

இதுல வெக்கக்கேடு என்னன்னா, எட்டாவதுல நான் வகுப்புத் தலைவி. பிரேயர்ல ஜடை சரியில்லாதவங்க பேரை எழுதிக் குடுத்தது நாந்தான்! "சோம்பேறிங்க, சீக்கிரம் எந்திரிச்சா என்ன"ன்னு நினைச்சுக்கிட்டே எழுதினேன்.

இப்ப அம்மாயி இல்ல. என் தங்கச்சி ஏழாவது படிக்கிறா. போன மாசம் ஒரு ஜடை அவுந்துடுச்சுன்னு பிரேயர் முடியிற வரைக்கும் தனியா நிக்க வச்சிருக்காங்க. அன்னிக்கு அவளே போட்டுக்கிட்டுப் போன ஜடை அது. சாயங்காலம் வந்து, "முடியை வெட்டிவிடும்மா"ன்னு சொல்லியிருக்கா. அம்மா போன்ல இதைச் சொல்லும்போது குரல் சரியில்ல. அம்மாவுக்குத் தன் முடியும் எங்க முடியும்தான் ஒரே பெருமை, நகை நட்டு எதுவும் கிடையாது.

சரி, கணக்குக்கு வருவோம். 2009 கல்வி உரிமைச் சட்டத்தோட அட்டவணையில 6 முதல் 8 வகுப்புக்கு வருஷத்துக்கு 220 வேலை நாள், 1000 மணி நேரப் பாடம்னு இருக்கு. ஒரு நாளைக்கு 25 நிமிஷம்னா 220 நாளைக்கு 5500 நிமிஷம். 91 மணி 40 நிமிஷம்! ஒத்தை ஜடை 5 நிமிஷம்னா 18 மணி 20 நிமிஷம்தான். மிச்சம் 73 மணி 20 நிமிஷம். பக்கத்துல உக்காந்திருக்கிற பையனுக்கு இந்தச் செலவு சுத்தமா கிடையாது.

விதிக்கு ஆதரவா சொல்ற காரணங்களையும் பார்த்துடுவோம்.

"பேன் பரவாது." ஒத்துக்கிறேன். பேன் பறக்காது, தாவாது, தலையோட தலை ஒட்டினாத்தான் ஏறும். முடியைக் கட்டி வச்சா அது குறையும். ஆனா ஒத்தை ஜடையும் கட்டின முடிதானே? ரெண்டாப் பின்னினாத்தான் உள்ள வர மாட்டேன்னு பேன் ஏதாவது எழுதிக் குடுத்திருக்கா?

"நம்ம பண்பாடு." நம்ம பழைய இலக்கியத்துல பெண்கள் கூந்தலுக்கு ஐம்பால்னே பேர். அஞ்சு விதமா முடிக்கிறதாலன்னு உரையில சொல்வாங்க. அஞ்சு விதம் சாமி! இந்த மலையையே எடுத்துக்குங்க. தோடர் பெண்கள் முடியை நீளச் சுருள் சுருளா விட்டுக்கிறது அவங்க வழக்கம். ஊட்டிக்கு வர்றவங்க அதைப் போட்டோ எடுத்துட்டுப் போறாங்க. போட்டோவுக்கு விதவிதமா வேணும், ஸ்கூல் வாசல்ல மட்டும் எல்லாம் ஒரே அச்சுல இருக்கணுமா?

"சுத்தம்." குன்னூர்ல ஐப்பசி, கார்த்திகை மழையில நீள முடி காய என்ன பாடுன்னு கீழ்நாட்டு ஆளுங்களுக்குத் தெரியாது. அடுப்புப் பக்கத்துல உக்காந்து காய வைக்கணும். காயாத முடியை இறுக்கிப் பின்னி, மடிச்சு, ரிப்பனால கட்டி சாயங்காலம் வரைக்கும் வச்சா வர்ற நாத்தத்துக்குப் பேர் சுத்தமா?

"அம்மா காலையில அஞ்சு நிமிஷம் ஒதுக்கக் கூடாதா?" இந்தக் கேள்வி வரும்னு தெரியும். ஒதுக்குறாங்க. முடியாத நாளும் இருக்கு. முந்தின ராத்திரியே பின்னிவிட்டா காலையில கலைஞ்சிருக்கு. இதே கேள்வியை அப்பாக்களைப் பார்த்து யாராவது கேட்டதுண்டா?

கடைசியா பெரிய வாதம். "எல்லாரும் சமமாத் தெரியணும். பணக்காரப் பிள்ளை, ஏழைப் பிள்ளை வித்தியாசம் தெரியக் கூடாது." இதைத்தான் நானும் நம்பிட்டிருந்தேன். யூனிஃபார்முக்கு அது சரி. சட்டையை ஒரு தடவை தச்சா வருஷம் ஓடும். ஜடையை தினமும் புதுசா ஒருத்தர் போட்டுவிடணும். அப்போ அது வீட்டுல காலையில ஆள் இருக்கிற பிள்ளை யாரு, இல்லாத பிள்ளை யாருன்னு தினமும் அசெம்பிளியில வச்சுக் காட்டிக் குடுக்குது. வித்தியாசத்தை மறைக்க வந்த விதி, வித்தியாசத்துக்கு ரிப்பன் கட்டி நிக்க வைக்குது.

1951 தோட்டத் தொழிலாளர் சட்டத்துல வேலைக்குப் போற பெண்களோட 6 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைகளுக்குக் காப்பகம் வைக்கணும்னு எழுதினாங்க. தாய் வீட்டுல இருக்க மாட்டாங்கிறது அன்னிக்கே சட்டம் எழுதினவங்களுக்குப் புரிஞ்சிருக்கு. நம்ம ஸ்கூல்களுக்கு இன்னும் புரியலை. அமெரிக்காவுல கலிஃபோர்னியா 2019-ல, கறுப்பின மக்களோட இயல்பான முடியையும் ஜடையையும் காரணம் காட்டிப் பாகுபாடு பண்ணக் கூடாதுன்னு சட்டமே போட்டுச்சு. அவங்க பிரச்சினை நிறம், நம்ம பிரச்சினை வேற. ஆனா முடி விதிங்கிறது சும்மா முடியைப் பத்தினது மட்டும் இல்லைன்னு அங்க ஒத்துக்கிட்டாங்க.

நான் ஒண்ணும் முடியை விரிச்சுப் போட்டுட்டு வர்றோம்னு கேக்கலை. லேப்ல தீ இருக்கு, கட்டித்தான் ஆகணும். ஒரே ஒரு வரி மாத்துங்க: "முடி முகத்தில் விழாமல் கட்டியிருக்க வேண்டும்." எத்தனை ஜடைங்கிறதை அந்தப் பிள்ளையும் அவ வீடும் பார்த்துக்கட்டும். அதுக்கு ஒரு பைசா செலவு கிடையாது.

டிஸ்கி 1: வர்ற சனிக்கிழமை ஊருக்குப் போறேன். தங்கச்சிக்குக் கண்ணை மூடிக்கிட்டுப் பின்னக் கத்துக் குடுக்கப் போறேன். திங்கக்கிழமை ஒத்தை ஜடையோடதான் ஸ்கூலுக்குப் போவா. கூட நானும் போய் ஹெச்.எம்.கிட்ட இந்தக் கணக்கைக் காட்டப் போறேன். என்ன நடந்துச்சுன்னு வந்து சொல்றேன்.

டிஸ்கி 2: எட்டாவதுல நான் பேர் எழுதிக் குடுத்த யாராவது இதைப் படிச்சா... மன்னிச்சுடுங்கடி.