ஆருஷி கேஸும் நம்ம வீட்டுத் துப்பறியும் சாம்புகளும்

ஆருஷி வழக்குன்னு பேச்சை எடுத்தாலே போதும், "அப்பா அம்மாதான், வேற யாரு?"ன்னு தீர்ப்பு எழுத நம்மாளுங்க ரெடி. எப்படின்னு கேட்டா, "வீட்டுல நாலு பேர், ரெண்டு பேர் செத்தாச்சு, மிச்சம் ரெண்டு பேர்". அம்புட்டுதான் லாஜிக். இதுக்கு எதுக்கய்யா போலீஸு, கோர்ட்டு? கால்குலேட்டர் போதுமே!

இந்தக் கழித்தல் கணக்கு சரியா வரணும்னா, அன்னிக்கு ராத்திரி வெளியாள் யாரும் உள்ளே வரலைன்னு முதல்ல நிரூபிக்கணும். அதுக்கு சி.பி.ஐ. பெருசா நம்பினது காலையில வந்த வேலைக்காரம்மாவோட சாட்சியம். கதவு உள்ளே பூட்டியிருந்ததா, வெளியே தாழ் போட்டிருந்ததாங்கிறதுதான் கேள்வியே. அந்தம்மாவோ குறுக்கு விசாரணையில, சொல்லிக் கொடுத்ததைத்தான் சொன்னேன்னுட்டாங்க. அஸ்திவாரமே காலி!

2008 மே 16 காலை, நொய்டாவில் 13 வயசுப் பொண்ணு பிணமாகக் கிடக்கு. உடனே, "வேலைக்காரன் ஹேம்ராஜ்தான் கொன்னுட்டு ஓடிட்டான்"னு போலீஸ் முடிவு கட்டியாச்சு. பூட்டியிருந்த மொட்டைமாடிக் கதவை உடைச்சுப் பார்க்கக்கூட யாருக்கும் தோணலை. மறுநாள் அதே மாடியில ஹேம்ராஜ் பிணம். அதுக்குள்ள ஊரே வந்து வீட்டை மிதிச்சுட்டுப் போயாச்சு. அப்புறம் எங்கேர்ந்து தடயம் கிடைக்கும்?

அடுத்து அப்பா கைது. அப்புறம் சி.பி.ஐ. முதல் குழு வேற மூணு வேலையாட்கள் மேல சந்தேகப்பட்டுச்சு. அதுல ஒருத்தர் தலையணை உறையில ஹேம்ராஜ் ரத்தம்னு ஹைதராபாத் ஆய்வுக்கூட அறிக்கையே சொல்லுச்சு. பின்னால அது தட்டச்சுப் பிழைன்னு சொல்லிட்டாங்க! கொலைக் கேஸ்ல டைப்பிங் மிஸ்டேக். என்னத்தைச் சொல்ல?

2010 டிசம்பர்ல, போதுமான ஆதாரம் இல்லை, வழக்கை மூடிடலாம்னு எழுதிக் கொடுத்ததும் இதே சி.பி.ஐ.தான். அந்த அறிக்கையையே குற்றப்பத்திரிகையா எடுத்துக்கிட்டு வழக்கு நடந்துச்சு. 2013 நவம்பர்ல பெத்தவங்களுக்கு ஆயுள் தண்டனை. 2017 அக்டோபர்ல அலகாபாத் உயர் நீதிமன்றம் விடுதலை செஞ்சது. கீழ்க்கோர்ட்டு நீதிபதி சினிமா டைரக்டர் மாதிரி கதை பண்ணிட்டார்னு அந்தத் தீர்ப்புலயே இருக்கு.

"வீட்டுக்குள்ள நடந்ததுக்கு வீட்டுக்காரன்தானே பதில் சொல்லணும்?"னு கேட்பீங்க. நியாயம்தான். அப்போதைய சாட்சியச் சட்டத்தின் 106ஆம் பிரிவும் அதைத்தான் சொல்லுச்சு. ஆனா அரசுத்தரப்பு அடிப்படையை நிரூபிச்ச பிறகுதான் அந்தப் பொறுப்பு இவங்க தலையில வரும். வெறும் சந்தேகத்தை வெச்சு வராது.

பெத்தவங்க உத்தமர்கள்னு நான் சர்டிபிகேட் கொடுக்கலை. அந்த வேலையாட்கள்தான் செஞ்சாங்கன்னும் சொல்ல வரலை. ஆதாரத்தைத் தேடி முடிவுக்குப் போகாம, முடிவைக் கட்டிட்டு ஆதாரம் தேடினா இப்படித்தான் ஆகும்.

இதுல ரொம்பப் பாவம் ஹேம்ராஜ். முதல்ல கொலைகாரன்னாங்க. பிணம் கிடைச்ச பிறகு அந்தப் பொண்ணோட சேர்த்து அசிங்கமா கதை கட்டினாங்க. நாம இன்னிக்கும் இதை "ஆருஷி கேஸ்"னுதான் சொல்றோம். செத்தது ரெண்டு பேருங்க. அந்தாளுக்கும் பொண்டாட்டி இருக்காங்க. அவங்களுக்கு யார் பதில் சொல்றது?