ஊரை விட்டுப் போகாத சாம்பியன்

2013 செப்டம்பரில் டோக்கியோவில் நடந்த ஜப்பான் ஓபன் பேட்மிண்டனில், தகுதிச் சுற்றிலிருந்து ஆடி வந்த 16 வயதுப் பள்ளி மாணவி ஒருவர் மகளிர் ஒற்றையர் பட்டத்தைத் தட்டிச் சென்றார். பெயர் அகானே யமகுச்சி.

அப்போது அவர் படித்துக்கொண்டிருந்த பள்ளி, பேட்மிண்டனுக்குப் பெயர்போன எந்தப் பள்ளியும் அல்ல. சொந்த ஊரான கத்சுயாமாவின் உயர்நிலைப் பள்ளி.

கத்சுயாமா, ஃபுகுய் மாகாணத்தில் மலையை ஒட்டிய சிற்றூர். குளிர்காலத்தில் பனி கொட்டித் தீர்க்கும். டைனோசர் எலும்புகள் கிடைத்த ஊர் என்றால்தான் ஜப்பானியருக்கே சட்டென்று தெரியும். அண்ணன்கள் ஆடுவதைப் பார்த்து ராக்கெட்டைக் கையில் எடுத்த சிறுமி, அந்த ஊரிலேயே வளர்ந்தார். பள்ளி வயதிலேயே தேசிய அணிக்குத் தேர்வானார். 2013, 2014 என அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் உலக ஜூனியர் பட்டத்தையும் வென்றார். பள்ளியை மட்டும் மாற்றவில்லை.

இது எவ்வளவு அபூர்வம் என்பதை அவருடைய சமகால ஜப்பானிய ஆட்டக்காரர்களைப் பார்த்தால் புரியும். கென்டோ மொமோட்டா, ககாவாவில் பிறந்தவர். நடுநிலைப் பள்ளிக்கே வீட்டை விட்டு ஃபுகுஷிமாவின் தொமியோகாவுக்குப் போய்விட்டார். நொஸோமி ஒகுஹாரா, நகானோவிலிருந்து சைத்தாமாவுக்குப் போனவர். 2017இல் கிளாஸ்கோவில் பி.வி. சிந்துவுடன் 110 நிமிடம் மல்லுக்கட்டி உலகப் பட்டம் வென்றாரே, அவரேதான். திறமை தெரிந்த பிள்ளையை வலுவான அணியுள்ள பள்ளியில் சேர்ப்பது அங்கே நடைமுறை. அது பலன் தருகிறது என்பதையும் மறுக்க முடியாது.

ஆனால் அது ஒன்றே வழி என்று பெற்றோரிடம் சொல்வது அநியாயம். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் வீட்டுச் சாப்பாட்டையும் தெருச் சிநேகிதர்களையும் விட்டுப் போவது சின்ன விலை இல்லை. பதக்கக் கணக்கு எழுதுபவர்கள் அந்த விலையை ஒரு நாளும் எழுதுவதில்லை.

யமகுச்சியின் உயரம் 156 சென்டிமீட்டர்தான். சிந்து அவரைவிட ஏறக்குறைய ஒரு சாண் உயரம் கூடுதல். டோக்கியோ ஒலிம்பிக் காலிறுதியில் இருவரும் மோதியதை இந்திய ரசிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். முதல் கேமை இழந்து, இரண்டாவதிலும் பின்தங்கியிருந்த யமகுச்சி, தரையில் விழுந்து ஷட்டிலை எடுத்து, எழுந்து ஓடி, மறுபடி விழுந்து 20-18 என்று முன்னேறினார். கைக்கு எட்டிய அந்தக் கேம் வாய்க்கு எட்டவில்லை. சிந்து 22-20 என்று முடித்தார். அதற்கு முன் ரியோவில் ஒகுஹாராவிடமும், பின்னர் பாரிஸில் தென்கொரியாவின் ஆன் சே யங்கிடமும் காலிறுதியிலேயே தோல்வி. மூன்று ஒலிம்பிக், ஒரு பதக்கமும் இல்லை.

இதை வைத்து அவரைச் சாதிக்காதவர் என்று சொன்னால், ஆட்டத்தைப் பார்க்காமல் பதக்கப் பட்டியலை மட்டும் படித்தவர் என்றுதான் அர்த்தம். 2018இல் உலகின் முதல் நிலைக்கு வந்தார். டோக்கியோவில் சிந்துவிடம் தோற்ற ஐந்தே மாதத்தில், 2021 டிசம்பரில், ஸ்பெயினின் உவெல்வாவில் தைவானின் தாய் ட்சு யிங்கை 21-14, 21-11 என்று வீழ்த்தி உலகப் பட்டம் வென்றார். அடுத்த ஆண்டு டோக்கியோவிலேயே அதைத் தக்கவைத்தார். 2025 ஆகஸ்டில் பாரிஸில் சீனாவின் சென் யூஃபெய்யை 21-9, 21-13 என்று தோற்கடித்தபோது கிடைத்தது மூன்றாவது பட்டம். இடைப்பட்ட ஆண்டுகளில் காயமும் தோல்வியும் சேர்ந்தே வந்தன. இருபத்தெட்டு வயதில் இப்படி மீள்வதற்கு உடல் மட்டும் போதாது.

மகளிர் ஒற்றையரில் மூன்று முறை உலகப் பட்டம் வென்றவர்கள் இதுவரை இருவரே. இன்னொருவர் ஸ்பெயினின் கரோலினா மரின். அவர் பதினான்கு வயதில் பெற்றோரைப் பிரிந்து மத்ரித் தேசியப் பயிற்சி மையத்துக்குப் போனவர். அவர் விட்டுப் போன ஊர் உவெல்வா. யமகுச்சி முதல் உலகப் பட்டத்தை வென்ற அரங்குக்கு அந்த ஊர் வைத்திருக்கும் பெயர் கரோலினா மரின். போனவரும் வென்றார், போகாதவரும் வென்றார். பயிற்சி மையங்களும் பெற்றோரும் முடிவெடுப்பதற்கு முன்னால், போக வேண்டிய பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்கட்டும்.