இடைச் சேமிப்பும் ஒரு நிமிட இடைவெளியும்



மிளகும் சீரகமும் அடுப்பருகே அஞ்சறைப் பெட்டியில் இருக்கின்றன. அரிசி மூட்டையோ சாமான் அறையில் இருக்கின்றது. சிட்டிகைச் சீரகத்திற்காகச் சாமான் அறைக்கு நடப்பார் உண்டோ? அடிக்கடி வேண்டுவதைக் கைக்கெட்டும் இடத்தில் வைக்கும் இந்த இல்லறிவையே பெரிய நிறுவனங்களின் கணினிகளும் கையாளுகின்றன. அதனை 'பஃபர்', அதாவது இடைச் சேமிப்பு என்பர். கணினித் துறைக்குச் செல்லும் நம் பிள்ளைகள் இதன் பயனோடு இதிலுள்ள ஆபத்தையும் அறிந்திருத்தல் நலம்.

ஐ.பி.எம். நிறுவனத்திலிருந்து விலகிய ஐவர் 1972ஆம் ஆண்டில் ஜெர்மனியில் தொடங்கிய நிறுவனம் எஸ்.ஏ.பி. ஆகும். கொள்முதல், விற்பனை, கணக்கு, சம்பளம் யாவற்றையும் ஒருங்கே நடத்தும் அதன் 'ஆர்/3' மென்பொருள் 1992இல் வெளிவந்தது. அது மூன்று அடுக்குகளைக் கொண்டது: ஊழியரின் மேசைக் கணினி, நிரல்கள் இயங்கும் சர்வர்கள், தகவல்கள் அனைத்தும் உறையும் தரவுத்தளம்.

ஒரு நாட்டின் பெயரை அறியவும், ஓர் அளவைக் குறியீட்டைப் பார்க்கவும் ஒவ்வொரு முறையும் தரவுத்தளத்திற்குச் சென்று வருவது வீண் அலைச்சல் அன்றோ? ஆகவே ஒவ்வொரு சர்வரும் அத்தகைய அட்டவணைகளின் நகலைத் தன் நினைவகத்திலேயே வைத்துக்கொள்கின்றது. அட்டவணையை முழுமையாகவும் வைக்கலாம். ஒரு பகுதியை மட்டும் வைக்கலாம். கேட்கப்பட்ட வரியை மட்டும் வைக்கலாம். இதனால் படிக்கும் வேகம் பன்மடங்கு உயர்கின்றது.

ஆபத்து எங்கே? ஒரு நிறுவனத்தில் இரண்டு சர்வர்கள் இயங்குவதாகக் கொள்வோம். முதல் சர்வரில் ஒருவர் ஒரு பொருளின் விலையை மாற்றுகின்றார். தரவுத்தளமும் அந்தச் சர்வரின் நகலும் உடனே திருந்திவிடும். இரண்டாம் சர்வருக்கோ செய்தி எட்டவில்லை! மாற்றம் நிகழ்ந்ததென்ற குறிப்பு, தரவுத்தளத்திலுள்ள ஒரு பதிவேட்டில் எழுதப்படும். மற்றச் சர்வர்கள் அதனைக் குறித்த கால இடைவெளியில், வழக்கமாக 60 விநாடிக்கு ஒருமுறை, பார்த்துத் தம் பழைய நகலைச் செல்லாததாக்கும். அதுவரை அங்கே பழைய விலையே தெரியும்.

விலைக்கே இப்படியென்றால், சரக்கு இருப்பை எண்ணிப் பாருங்கள். எஞ்சியிருந்த 10 மூட்டைகளையும் ஒருவர் விற்றுவிட்டார். அடுத்த அரை நிமிடத்தில் மற்றொருவர் பழைய நகலைக் கண்டு, அதே 10 மூட்டைகளை வேறொரு வாடிக்கையாளருக்கு வாக்களித்துவிடுவார். கெடுவது வணிகரின் நாணயம்!

ஆகவேதான், சிறியதாகவும், அடிக்கடி படிக்கப்படுவதாகவும், அரிதாகவே மாறுவதாகவும் உள்ள அட்டவணையையே இடைச் சேமிப்பில் வைத்தல் வேண்டும் என்பது விதி. சரக்கு இருப்பு, கணக்கு நிலுவை போன்றவை அதற்கு உரியனவல்ல. நகல் வைக்கப்பட்ட அட்டவணையிலும் புத்தம்புதிய நிலை தேவைப்படின், நகலை விடுத்து நேரே தரவுத்தளத்தில் படிக்குமாறு கட்டளையிட, எஸ்.ஏ.பி.யின் 'அபாப்' நிரல்மொழியில் வழியுண்டு.

2015இல் வந்த 'எஸ்/4 ஹானா'வில் தரவுத்தளமே நினைவகத்தில் இயங்குகின்றது. எனினும் சர்வருக்கும் தரவுத்தளத்திற்கும் இடையே உள்ள பயணம் மறையவில்லை. இடைச் சேமிப்பின் தேவையும் மறையவில்லை.

நிரல் எழுதும் இளைஞர்களே! வேகத்தை நாடுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: 'இத்தகவல் ஒரு நிமிடம் பழையதாக இருந்தால் எவருக்கேனும் இழப்பு நேருமா?' 'ஆம்' என்பது விடையாயின், சற்றுத் தாமதமானாலும் தரவுத்தளத்தையே நாடுங்கள்.