மூத்தது முன்னே, இளையது பின்னே

நம்மவர் இல்லங்கள் பலவற்றிற் கணினி ஒன்றே இருக்கும். பிள்ளைகளின் பாடக் குறிப்புகளும், குடும்பப் படங்களும், தந்தையார் பல்லாண்டுகளாகப் பதிந்து வைத்த கணக்குகளும் அதிலேதான் இருக்கும். அக்கணக்குகளைத் திறக்கவல்ல பழைய மென்பொருளோ புதிய விண்டோஸ் 10 இல் இயங்க மறுக்கும். ‘பழைய எக்ஸ்பியையும் புதியதையும் ஒரே கணினியில் வைத்துக்கொள்ள இயலாதா?’ என மாணவர் சிலர் நம்மிடம் வினவுவதுண்டு. இயலும். ஆயின் முறையறிந்து செய்தல் வேண்டும். முறை தவறின், கணக்கைத் திறக்கப் போய்க் கணக்கையே இழக்க நேரும்.

கணினியை ஆளும் அடிப்படை மென்பொருளைப் பணிசெயல் முறைமை என்பர். எக்ஸ்பி 2001 ஒக்டோபரிலும், விண்டோஸ் 10 என்பது 2015 ஜூலையிலும் வெளிவந்தன. இவ்விரண்டையும் ஒரே வன்தட்டின் வெவ்வேறு பிரிவுகளில் நிறுவலாம். கணினியைத் தொடக்கும்போது எது வேண்டுமோ அதனைத் தெரிவு செய்யலாம். ஒருவேளையில் ஒன்றுதான் இயங்கும்.

இது எவ்வாறு நிகழ்கிறது? மின்னை இட்டதும், கணினியிலுள்ள பயோஸ் வன்தட்டின் முதற் கூற்றை வாசிக்கிறது. அதன் அளவு 512 பைட்டுகளே. ஒரு தபாலட்டையில் அடங்கும் எழுத்தளவு எனலாம். அங்கிருந்து, தொடக்கத்துக்கென்று குறிக்கப்பட்ட பிரிவின் முகப்புக்குக் கட்டளை செல்கிறது. எந்த வாயில்காப்போனை அழைப்பதென்பது அம்முகப்பிலே எழுதப்பட்டிருக்கும். எக்ஸ்பியின் வாயில்காப்போன் ஒருவன். 2007 இல் வந்த விஸ்டா முதலாக உள்ள விண்டோஸ்களுக்கு வாயில்காப்போன் வேறொருவன். பின்வந்தவன் முன்னவனை அறிவான். கேட்டால் அவனிடம் வேலையை ஒப்படைப்பான். முன்னவனோ, தனக்குப் பின் தோன்றியவனை அறியான்.

ஆகவே, வெறுமையான வன்தட்டாயின் முதலில் எக்ஸ்பியை ஒரு பிரிவிலும், அதன்பின் விண்டோஸ் 10 ஐ வேறொரு பிரிவிலும் நிறுவுதலே நேரிய வழி. இம்முறையை மாற்றி எக்ஸ்பியைப் பின்னர் நிறுவினால், அது முகப்பிலே தன் காப்போனின் பெயரை எழுதிவிடும். அதன்பின் விண்டோஸ் 10 தோன்றாது. அது அழிந்துவிடவில்லை, அழைப்பாரின்றி அப்படியே இருக்கின்றது. இதனை உணராது, எல்லாம் போயிற்றென அஞ்சி வன்தட்டு முழுவதையும் துடைத்துவிடுவோர் உளர். உண்மையான இழப்பு அப்பொழுதுதான் நேருகிறது.

விண்டோஸ் 10 ஏற்கெனவே உள்ள கணினியாயின் செய்யவேண்டியவை யாவை?

முதலாவது, வேண்டிய கோப்புகள் யாவற்றையும் வெளி வன்தட்டொன்றிற் பிரதி செய்து, அவற்றுட் சிலவற்றை வேறொரு கணினியிலே திறந்து பார்த்தல். திறந்து பாராத பிரதியைப் பிரதியென்று நம்புதலாகாது. விண்டோஸ் 10 ஐ நிறுவும் தட்டொன்றையும் அப்பொழுதே ஆயத்தம் செய்துகொள்க.

இரண்டாவது, விண்டோஸ் 10 இன் வட்டு முகாமைப் பகுதியிலே இருக்கும் பிரிவைச் சுருக்கிப் புதிய பிரிவொன்றை அமைத்தல். எக்ஸ்பிக்கு 20 கிகாபைட்டு தாராளமாகப் போதும். ‘விரைவுத் தொடக்கம்’ என்னும் வசதியையும் நிறுத்திவிடுக. அது இருக்குமாயின் விண்டோஸ் 10 முற்றாக அணையாது அரைத்துயிலில் இருக்கும். அந்நிலையில் எக்ஸ்பி அதன் பிரிவிலே கைவைத்தாற் கோப்புகள் சிதையக்கூடும்.

மூன்றாவது, எக்ஸ்பியைப் புதிய பிரிவில் மாத்திரம் நிறுவுதல். நிறுவத் தொடங்கியதும் நீலத்திரை தோன்றி நின்றுவிடின் கலங்க வேண்டாம். வன்தட்டோடு பேசும் ஏஎச்சிஐ என்ற புதிய முறை எக்ஸ்பிக்குத் தெரியாது. பயோஸில் அதனை ஐடிஈ என மாற்ற இடமிருந்தால் மாற்றுக. விண்டோஸ் 10 ஐத் தொடக்குமுன் அதனை முன்போல ஆக்கிவிடுதல் வேண்டும்.

நான்காவது, விண்டோஸ் 10 இன் தட்டினால் கணினியைத் தொடக்கி, ‘பூட்ரெக்’ என்னும் கட்டளையாற் புதிய காப்போனை மீள இருத்துதல். பின்னர் ‘பிசிடிஎடிட்’ கட்டளையால் எக்ஸ்பியின் பெயரைப் பட்டியலிற் சேர்த்தால் இரண்டும் திரையிலே தோன்றும்.

எல்லாக் கணினிக்கும் இது பொருந்தாது. பழைய பயோஸ் முறை அறவே இல்லாத புதுக் கணினிகளிலே, நாம் வழக்கமாகக் காணும் 32 பிட்டு எக்ஸ்பி தொடங்காது. அத்தகைய கணினியுடையோர் வேர்ச்சுவல் பொக்ஸ் போன்ற மென்பொருளைக் கொண்டு, விண்டோஸின் உள்ளேயே ஒரு சாளரத்தில் எக்ஸ்பியை இயக்கலாம். வன்தட்டைப் பிரிக்கும் ஆபத்தும் அதில் இல்லை. பழைய ஸ்கானர் முதலிய கருவிகளுக்காக எக்ஸ்பியை நாடுவோருக்கு மாத்திரம் அவ்வழி சில வேளை கைகொடாது.

இன்னுமொன்று: எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரில் 8 ஆம் திகதியுடன் நின்றன. 2017 மே மாதத்தில் ‘வனாக்கிரை’ என்னும் தீநிரல் உலகெங்கும் பரவியபோது மைக்ரோசொப்ட் விதிவிலக்காக ஒரு திருத்தம் வழங்கியது. விதிவிலக்கை நம்பி வாழ்தல் அறிவுடைமையன்று. எக்ஸ்பியில் இருக்கும்போது இணையத் தொடர்பை அறுத்துவிடுக.

பழைய முறைமையிலே நெடுங்காலம் வாழ்வது நமது நோக்கமன்று. அங்கே அகப்பட்டுள்ள கணக்குகளைத் திறந்து, எக்கணினியும் வாசிக்கக்கூடிய எளிய எழுத்துக் கோப்புகளாக மாற்றி, கடதாசியிலும் ஒரு படி அச்சிட்டு வைத்துக்கொள்வதே நோக்கம். அது முடிந்தபின் எக்ஸ்பி இருந்தாலென்ன, போனாலென்ன? தந்தையார் பதிந்து வைத்தவை பிள்ளைகள் கையிலே இருக்கும்.

பிரதிகளை எங்கே, எத்தனை, எவ்வாறு வைத்தல் நன்று என்பதை அடுத்த வாரம் ஆராய்வோம்.