பின்னால் ஒரு கண்

மண்ணரைச் சந்துக்குள் நாற்பதடி கன்டெய்னர் டிரெய்லர் ரிவர்ஸ் எடுப்பதைப் பார்த்தாலே வயிறு கலங்குகிறது. ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினால் வால் வலப்பக்கம் போகும். வண்டி மடங்கிவிட்டால் ஒரு பக்கக் கண்ணாடியில் கன்டெய்னர் மட்டுமே தெரியும்.

2022 மார்ச்சில் சென்னை வளசரவாக்கத்தில் வேன் மோதிப் பள்ளிச் சிறுவன் இறந்தான். அதன் பிறகு, பள்ளி வாகனங்களில் முன்னும் பின்னும் கேமரா இருக்க வேண்டும் என்று தமிழக அரசு விதி செய்தது. டிரெய்லர் முதலாளிகளும் அரசாணை வரட்டும் என்று காத்திருக்க வேண்டுமா?

வாங்குகிறவர்கள் கவனிக்க: லாரிக்கு 24 வோல்ட். 12 வோல்ட் மட்டும் தாங்கும் கார் கேமரா ஆகாது. கன்டெய்னர் கப்பலேறிவிடும்; ஆகவே கேமராவை டிரெய்லர் சட்டத்தின் பின்முனையில், நடுவே பொருத்துங்கள். இவ்வளவு நீள வண்டிக்கு வயர்லெஸைவிட வயரே நம்பகமானது. டிரெய்லரைக் கழற்றி மாட்டும் இடத்தில் வயருக்கும் ஒரு பிளக் வேண்டும். லென்ஸைத் தினமும் துடையுங்கள்.

கேமரா வந்துவிட்டதென்று கிளீனரை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். நான் படித்த பிரெஞ்சில் ரிவர்ஸுக்கு ‘மார்ஷ் அரியேர்’, அதாவது பின்நடை, என்று பெயர். பின்னால் நடக்க ஓர் ஆள் வேண்டும். குழந்தை குறுக்கே ஓடி வந்தால் “ஹோல்ட்!” என்று கத்தக் கேமராவுக்கு வாயில்லை.